சேலத்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு: தெருவைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏமாறாமல் இருங்கள்

எங்கள் தெருவில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். பணி ஓய்வு பெற்றவர், தனியாக வசிக்கிறார். ஒரு நாள் காலை 11 மணி ஆகியும் அவர் வீட்டு கேட்டில் மாட்டியிருந்த பையில் பால் பாக்கெட் அப்படியே இருந்தது. ஆறரைக்கெல்லாம் எடுத்துவிடுகிறவர். அதை முதலில் கவனித்தது பூக்காரம்மாதான். "டீச்சர் ஊருக்குப் போயிருக்காங்களா?" என்று எதிர்வீட்டில் கேட்டிருக்கிறார். போகவில்லை. எதிர்வீட்டு அக்கா போய்க் கதவைத் தட்டினார், திறக்கவில்லை. விடாமல் தட்டியதும் கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றார் டீச்சரம்மா. உள்ளே மேசைமேல் போனில் வீடியோ கால் ஓடிக்கொண்டிருந்தது. காக்கிச் சட்டை போட்ட ஒருவன் மறுமுனையில் உட்கார்ந்திருந்தான்.

காலை ஆறு மணியிலிருந்து அவரை வீட்டுக்குள்ளேயே உட்கார வைத்திருந்தார்கள். அவர் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம், ஆதார் எண்ணை வைத்துக் கோடிக்கணக்கில் பணம் கடத்தியிருக்கிறார்களாம், "டிஜிட்டல் கைது" செய்திருக்கிறோம், யாரிடமும் பேசக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது. இதற்குள் ஒரு தொகை போயிருந்தது. எதிர்வீட்டு அக்கா போனைப் பிடுங்கி அணைத்துவிட்டு அங்கேயே நின்று சைபர் மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழைத்தார். போனதில் ஒரு பகுதியை வங்கியில் நிறுத்திவைக்க முடிந்தது.

சேலத்துக்கு மாற்றலாகியோ, படிப்புக்கோ, பிள்ளைகளோடு இருக்கவோ வருகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அந்தப் பால் பாக்கெட்தான். ஒருவரைத் தனியாகப் பிரித்து, அவசரப்படுத்தி, யாரிடமும் சொல்லவிடாமல் செய்துதான் இந்த மோசடிக்காரர்கள் காரியத்தை முடிக்கிறார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவர் ஏற்கெனவே தனியாகத்தான் இருக்கிறார். அதனால் தெருவோடு பழகுவதும் தெருச் செய்தியைத் தெரிந்துவைத்திருப்பதும் உங்கள் பணத்துக்கே பாதுகாப்பு.

குடிவருவதற்கு முன்

முதல் ஏமாற்று வீடு தேடும்போதே தொடங்கிவிடும். ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், அஸ்தம்பட்டி பக்கம் நல்ல வீடு, வாடகை குறைவு, படங்கள் அழகாக இருக்கும். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், வெளியூரில் பணி, டோக்கன் அட்வான்ஸ் போட்டால் சாவி அனுப்புகிறேன்" என்று பேசுவார்கள். வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஊருக்கு வர முடியவில்லை என்றால் இங்கே உள்ள யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

நேரில் போனாலும் வீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பக்கத்து வீட்டில் இரண்டு நிமிடம் நின்று, "இந்த வீட்டு ஓனர் யாருங்க?" என்று கேளுங்கள். வீட்டு வரி ரசீதிலும் மின் இணைப்பிலும் இருக்கும் பெயரும் உங்களோடு ஒப்பந்தம் போடுகிறவர் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வாடகைக்குக் குடியிருப்பவரோ இடைத்தரகரோ வீட்டுக்காரருக்கே தெரியாமல் "லீசுக்கு வீடு" என்று சில லட்சங்களை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவதும் உண்டு. லீசுக்குப் போவதென்றால் உரிமையாளரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இதில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் நீங்களே வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் தவிர, குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. பத்து மாதம் கேட்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு பேசினால் ஓரளவு குறைக்கலாம்.

முதல் வாரம்: தெருவின் வழக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீர் எந்தெந்த நாளில், எத்தனை மணிக்கு வருகிறது? குப்பை வண்டி எப்போது வரும்? எந்தத் துணை மின்நிலையத்திலிருந்து உங்கள் தெருவுக்கு மின்சாரம்? மீட்டர் கணக்கெடுக்க எந்த மாதம் வருவார்கள்? சிலிண்டர் போடுகிறவர் யார்? பால், பேப்பர், இஸ்திரி வண்டி, கீரைக்காரர்? மாநகராட்சியின் 60 வார்டுகளில் உங்களுடையது எது? சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்ற நான்கு மண்டலங்களில் எதில் வருகிறது? எந்தக் காவல் நிலைய எல்லை?

எதிர்வீட்டிலும் மூலைக் கடையிலும் கேட்டால் அரை மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அது இந்த விஷயத்துக்கு அப்படியே பொருந்தும். தண்ணீரைப் பற்றிக் கேட்கப் போன இடத்தில்தான் எங்கள் குடும்பத்துக்கு இந்த ஊரில் முதல் பழக்கம் கிடைத்தது.

இந்தத் தாள் எப்படி மோசடியைத் தடுக்கும் என்று கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். "போன மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30-க்கு இணைப்பைத் துண்டிப்போம், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று குறுஞ்செய்தி வரும். கீழே ஒரு சாதாரண பத்து இலக்க எண் இருக்கும். பேசினால் ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். இறக்கினால் உங்கள் போன் திரை அவர்கள் கைக்குப் போய்விடும். இங்கே கணக்கெடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்றும், கணக்கெடுத்த நாளிலிருந்து கட்டணம் கட்ட 20 நாள் அவகாசம் உண்டு என்றும், உங்கள் தெருவுக்குப் போன வாரம்தான் ஆள் வந்து போனார் என்றும் தெரிந்தவருக்கு அந்தச் செய்தியைப் பார்த்ததுமே பொய் என்று புரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ஐ நீங்களாக அழைத்துக் கேளுங்கள். செய்தியில் வந்த எண்ணை அழைக்காதீர்கள்.

பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிறுத்தும் நாளையும் துணை மின்நிலையத்தின் பெயரோடு முன்கூட்டியே அறிவிப்பார்கள், நாளிதழ்களின் சேலம் பக்கத்தில் வரும். அந்த நாளில் காலிங் பெல்லும் கேமராவும் வேலை செய்யாது என்பது கெட்ட எண்ணத்தோடு சுற்றுகிறவர்களுக்கும் தெரியும். அன்றைக்குப் பெரியவர்களை வீட்டில் தனியாக விடுவதாக இருந்தால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

தெருவின் வாட்ஸ்அப் குழு

பெரும்பாலான தெருக்களில் ஒரு குழு இருக்கும். நலச் சங்கம் இருந்தால் அதன் செயலாளரிடமும், இல்லையென்றால் எதிர்வீட்டிலும் கேட்டுச் சேர்ந்துகொள்ளுங்கள். குழாய் உடைந்தது, தெருவிளக்கு எரியவில்லை, நாய் தொல்லை, இரத்தம் தேவை, ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகையின்போது எந்தப் பக்கம் வண்டி விடமாட்டார்கள் என்று அன்றாடத்துக்கு வேண்டியதெல்லாம் அதில் வரும்.

ஆனால் அதே குழுவுக்குள் இரண்டு ஆபத்துகள் நுழையும்.

முதலாவது, கோப்பு. "கல்யாண அழைப்பிதழ்", "போக்குவரத்து அபராதச் சலான்", "வங்கி கே.ஒய்.சி" என்று பெயர் போட்டு ஒரு கோப்பு வரும். பெயரின் கடைசியில் ஏ.பி.கே என்று இருந்தால் அது அழைப்பிதழே இல்லை, போனுக்குள் புகுந்து குறுஞ்செய்திகளைப் படிக்கும் செயலி. உங்களுக்கு வருகிற ஓ.டி.பி எல்லாம் அவர்களுக்கும் போகும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் திறக்காதீர்கள். அவருடைய போனை ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். உடனே அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், குழு நிர்வாகியிடமும் சொல்லி அழிக்கச் செய்யுங்கள். அவருடைய கணக்கிலிருந்து "அவசரமா 20,000 வேணும், நாளைக்குத் தந்துடறேன்" என்று வந்தாலும் இதே வழிதான். குரலைக் கேட்காமல் பணம் போடாதீர்கள்.

இரண்டாவது, வதந்தி. இதை நான் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம், வழி கேட்க நின்ற இடத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. "பிள்ளை பிடிக்கிறவர்கள்" என்று வாட்ஸ்அப்பில் பரவியிருந்த பொய்ச் செய்தியை நம்பிய கூட்டம் அவர்களை அடித்தது. 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். ஃபார்வர்டு செய்தவர்களில் யாரும் கொலை செய்ய நினைத்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டே வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி மாற்றியது.

அதனால் ஒரு எச்சரிக்கைச் செய்தியைப் பகிர்வதற்கு முன் கேளுங்கள்: எந்தத் தெரு, எந்தத் தேதி, எத்தனை மணி, கண்ணால் பார்த்தவர் யார்? இந்த நான்கில் ஒன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது செய்தி இல்லை. முன்பின் தெரியாத ஒருவரின் படத்தை எடுத்து "இவன் திருடன்" என்று போடாதீர்கள். சேலத்துக்கு வேலை தேடி வருகிற வெளிமாநிலத் தொழிலாளிகள் நிறையப் பேர், முகவரி தேடி நிற்பது குற்றமில்லை. நிஜமாகவே சந்தேகம் இருந்தால் அவசர உதவி எண் 112-ஐ அழைத்துச் சொல்லுங்கள். குழுவில் போடுவதென்றால் இப்படி எழுதுங்கள்: "இன்று மாலை 4 மணி, இரண்டாவது குறுக்குத் தெரு, கேஸ் அடுப்பு சோதனை என்று இரண்டு பேர் வந்தார்கள், அடையாள அட்டை காட்டவில்லை, ஏஜென்சியில் கேட்டேன், அவர்கள் யாரையும் அனுப்பவில்லை." இதைப் படிக்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கே தெரியும்.

வாசலுக்கு வருகிறவர்கள்

நகை பாலிஷ் போடுகிறோம் என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இது வெள்ளிக் கொலுசு ஊர். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எந்தப் பட்டறைக்காரரைக் கேட்டாலும் சொல்வார், தெருத்தெருவாகப் போய்ப் பாலிஷ் போடுவது தொழில்காரர் வேலை இல்லை என்று. முதலில் பித்தளை விளக்கையோ வெள்ளிக் குங்குமச் சிமிழையோ பளபளவென்று துலக்கிக் காட்டுவார்கள். நம்பிக்கை வந்ததும் சங்கிலியைக் கேட்பார்கள். அவர்கள் முக்கியெடுக்கும் ராஜ திராவகம் என்ற அமிலக் கலவை தங்கத்தைக் கரைக்கும். நகை பளபளப்பாகத் திரும்பும், எடை குறைந்திருக்கும். கரைசலிலிருந்து தங்கத்தை அவர்கள் பிரித்தெடுத்துக்கொள்வார்கள்.

போலீஸ் மாதிரி பேசி, "மேலே திருட்டு நடக்குது, சங்கிலியைக் கழட்டிப் பேப்பர்ல மடிச்சு வெச்சுக்குங்கம்மா" என்று பொட்டலம் கட்டித் தருகிறவர்களும் உண்டு. வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் கூழாங்கல் இருக்கும். நகையைக் கழற்றச் சொல்கிற போலீஸ்காரர் கிடையாது. வங்கியிலிருந்து பணம் எடுத்து வரும்போது "உங்க காசு கீழே விழுந்திருக்கு" என்றால் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருங்கள்.

ஊருக்குப் போவதாக இருந்தால் உங்கள் எல்லைக் காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருப்பதைத் தெரிவிக்கலாம், ரோந்தில் பார்ப்பார்கள். அதைவிட முக்கியம், பால்காரருக்கும் பேப்பர்காரருக்கும் சொல்லிவிட்டுப் போவது. வாசலில் சேர்ந்து கிடக்கும் பேப்பர் வீட்டில் ஆளில்லை என்று ஊருக்கே சொல்லிவிடும்.

சீட்டும் மனையும்

புதிதாக வந்தவரிடம் பழக்கம் ஏற்பட்ட மூன்றாவது மாதத்தில் யாராவது சீட்டுப் பேச்சை எடுப்பார்கள். ஏலச்சீட்டு, தீபாவளிச் சீட்டு, நகைச்சீட்டு. நல்ல மனிதர்கள் நடத்துவதும் உண்டு, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி ஏலச்சீட்டைப் பதிவு செய்துதான் நடத்த வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். "நம்மளுக்குள்ள எதுக்குங்க அதெல்லாம்" என்று பதில் வந்தால், சிரித்துக்கொண்டே விலகிவிடுங்கள். பதிவில்லாத சீட்டில் பணம் முடங்கினால் கோர்ட்டுக்குப் போவதே கஷ்டம்.

மாதம் பத்து சதவீதம் வட்டி, பணம் இரட்டிப்பு, ஆள் சேர்த்தால் கமிஷன் என்கிற பேச்சு வந்தால் உட்கார்ந்து கேட்கக்கூட வேண்டாம். 2012-இல் பெருந்துறையை மையமாக வைத்து ஈமு கோழிப் பண்ணை என்ற பெயரில் கொங்கு மண்டலமே பணத்தைப் போட்டு இழந்தது. கண்ணுக்கு முன்னால் கோழி நின்றது, ஒப்பந்தப் பத்திரம் இருந்தது, முதல் சில மாதங்கள் பணமும் வந்தது. முதலில் பணம் வருவதே இந்த வித்தையின் பாதி. பின்னால் சேர்கிறவர்கள் போடுகிற பணத்தைத்தான் முன்னால் சேர்ந்தவர்களுக்குத் தருகிறார்கள். அந்த முன்னால் சேர்ந்தவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருப்பார், பொய் சொல்லாதவராகவும் இருப்பார். அவரை நம்பி நீங்கள் போடுவீர்கள். இப்படி ஏமாந்தால் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் தர வேண்டும், 1997-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இதற்காகவே வந்தது. இரிடியம், கலசம், அரிசியை இழுக்கும் சக்தி உள்ள பாத்திரம் (ரைஸ் புல்லிங்) என்று யாராவது காதில் ஓதினால் அது முழுப் பொய்.

மனை வாங்குவதென்றால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். பட்டாவையும் அரசின் தளத்தில் சரிபார்க்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள்.

போனில் செய்யக் கூடாதவை

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ பின் போட வேண்டியதில்லை, பின் கேட்டாலே பணம் உங்களிடமிருந்து போகிறது. கூரியர்க்காரர் என்று சொல்லி நட்சத்திரக் குறியோடு 21 அல்லது 401 என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள், உங்கள் அழைப்புகள் அவர்களுக்குத் திரும்பிவிடும். தெரியாமல் அழுத்திவிட்டால் ##002# போட்டு அழைத்து ரத்து செய்யலாம். வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடி அழைக்காதீர்கள். வங்கி அட்டையின் பின்புறத்திலும் பாஸ்புக்கிலும் எண் இருக்கிறது. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம்.

டிஜிட்டல் கைது என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொன்னார். வீடியோ காலில் உட்கார வைத்து விசாரித்துப் பணம் அனுப்பச் சொல்லும் போலீஸோ, சி.பி.ஐ-யோ, நீதிமன்றமோ கிடையாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் அவர்களிடம் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுங்கள். "யாராவது யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னா, அப்பவே எனக்குச் சொல்லுங்க" என்று.

ஏற்காட்டில் இருப்பவர்களும் போகிறவர்களும்

கோடை விழாச் சமயத்தில் ஏற்காட்டு விடுதிகளின் பெயரிலும் படத்திலும் போலிப் பக்கங்கள் முளைக்கும். தள்ளுபடி என்பார்கள், முழுப் பணத்தையும் ஒரு தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொல்வார்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால், "உங்கள் பெயரில் அறையே இல்லை" என்பார்கள். ஏற்காட்டுத் தரைவழி எண்கள் 04281 என்று தொடங்கும். விடுதிக்கு அப்படி ஒரு எண் இருந்தால் அதில் பேசி உறுதி செய்துகொண்டு பணம் போடுங்கள்.

மலைப்பாதைச் செய்தியிலும் கவனம் வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் நிஜமாகவே மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அதற்கப்புறம் மழை பெய்தாலே பழைய வீடியோக்களை இன்றைக்கு எடுத்தது போல அனுப்புகிறார்கள். மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பாருங்கள், அல்லது மேலே குடியிருக்கும் ஒருவரைக் கேளுங்கள். எந்த நாளில் அடிவாரம் வழியாக ஏற விடுகிறார்கள், எப்போது குப்பனூர் வழியாக இறங்கச் சொல்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

எஸ்டேட் ஓரம் மலிவாக மனை என்று சொல்கிறவர்களிடம் அவசரப்படாதீர்கள். ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது. சமவெளியில் கிடைக்கும் அனுமதி அங்கே போதாது.

பணம் போய்விட்டால்

முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியது 1930-க்கு அழைப்பு. அழுவது, வீட்டில் திட்டுவது, யார் தவறு என்று பேசுவது எல்லாம் அப்புறம். உங்கள் வங்கி, கணக்கு எண், போன தொகை, நேரம், பரிவர்த்தனை எண் (யு.பி.ஐ என்றால் 12 இலக்கம்) இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். யாரும் எடுத்துவிடுவதற்கு முன் அதை வங்கிகளில் நிறுத்திவைப்பதுதான் 1930-இன் வேலை. பிறகு தேசிய சைபர் குற்றப் பதிவுத் தளமான சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்-இல் புகாரை முழுமையாகப் பதிந்து, ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வங்கி. எழுத்தில் புகார் கொடுத்து நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வேறு இடத்தில் நடந்த கோளாறால் பணம் போயிருந்து, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால், இழப்பு உங்களுக்கு இல்லை. ஓ.டி.பி-யை நீங்களே சொல்லிவிட்டிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. ஆகவே தாமதிக்கக் கூடாது.

காவல் புகாரைப் பொறுத்தவரை, நகருக்குள் இருப்பவர்களுக்கு மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தின் கீழும், ஏற்காடு போன்ற புறப்பகுதிகளுக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழும் சைபர் குற்றப் பிரிவு இருக்கிறது. எல்லை தெரியாமல் அலைய வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, எல்லை எதுவானாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். திரும்பும்போது புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர் ரசீதையோ முதல் தகவல் அறிக்கையின் நகலையோ கேட்டு வாங்குங்கள். நிறுத்திவைத்த பணத்தைத் திரும்பப் பெற நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம், அதற்கு இந்தக் காகிதங்கள் வேண்டும்.

சில வாரம் கழித்து, "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று ஒருவர் அழைப்பார். அவரும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான்.

டீச்சரம்மா பத்து நாள் வெளியே வரவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த நான் இப்படி ஏமாந்தேனே என்று அவருக்கு வெட்கம். எதிர்வீட்டு அக்காதான் தினமும் போய் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவரே தெருக் கூட்டத்துக்கு வந்து, என்ன சொன்னார்கள், எந்த வார்த்தையில் பயந்தேன், எந்த இடத்தில் சந்தேகம் வந்தும் பேசாமல் இருந்துவிட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். யாரும் குறுக்கே பேசவில்லை. பூக்காரம்மாவும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.